குடங்கள் கிழக்கே போன வெள்ளிக்கிழமை

மதுக்கடை திறந்த மறுவாரம் திண்டுக்கல் பஞ்சுமேட்டுச் சந்து கடைப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கிழக்குக் கோடியில் கடை. மேற்குக் கோடியில் எரியாத விளக்குக் கம்பமும் காற்று மட்டும் வரும் குழாயும். கைதவறிய எலுமிச்சம்பழம் எல்லாம் கடை வாசலில் போய் நின்றது. சனங்கள் கட்டிலின் கிழக்குக் கால்களுக்குச் செங்கல் வைத்துப் படுத்தார்கள். பார்வையிட வந்த பொறியாளர் சாய்வு பார்க்க ரசமட்டத்தைத் தரையில் வைத்து நிமிர்வதற்குள் சறுக்கிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். அன்று அவர் திரும்பவில்லை.

மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கும் பாண்டியராஜ் அதுவரை பண்டிகைக்கு மட்டும் குடித்தவன். வீடு மேற்குக் கோடியில். இப்போதோ மெயின்ரோட்டிலிருந்து சந்தின் நடுவே இறங்கியதும் கால்கள் கிழக்கே போயின. மனைவி கௌசல்யா துணிமூட்டையைக் கட்டிவிட்டாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒருநா நேரா வீடு வந்து சேரு. இல்லேன்னா புள்ளையத் தூக்கிட்டு சாணார்பட்டிக்கு எங்கம்மா வீட்டுக்கே போறேன்."

"தெருவே தள்ளுது, நா என்ன செய்ய?" என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் லாரி வரும் நாள். காலையிலேயே குடங்களை மேற்குக் கோடியில் வரிசையாக வைத்து, சறுக்காமல் கம்பத்தோடு கட்டிவிடுவார்கள். அந்தச் சந்தில் வரிசையில் நிற்கும் குடமும் ஆளும் ஒன்று. அடுத்தவர் குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள். அன்று கெடு முடியும் ஆத்திரத்தில் கௌசல்யா கயிற்றை அவிழ்த்துவிட்டாள். "ஆம்பளைக போற எடத்துக்கே போகட்டும்!" குடங்கள் ஒன்றையொன்று முந்தாமல் சறுக்கிப்போய் அதே வரிசையில் கடை வாசலை அடைத்து நின்றன.

சாயங்காலம் வந்த ஆண்கள் திகைத்தார்கள். பாண்டியராஜ் ஒரு குடத்தின்மேல் காலை வைத்தான்.

"ஏலே பாண்டி, நகட்டித்தான் பாரேன்! ஒங்க வீட்டுக்குச் சொட்டுத் தண்ணி கெடையாது" என்றாள் பக்கத்து வீட்டு உம்மு சல்மா.

"எம் பொண்டாட்டி குடந்தானக்கா?"

"அப்பத் தூக்கிக்கிட்டு வரிசைய விட்டு வெளிய போ!"

சந்தே சிரித்தது. லாரியும் குடங்களைத் தேடிக் கடைக்கே வந்தது. வாசல் திறக்க வேறு வழியின்றி ஆண்கள் நிறைகுடங்களைத் தோளில் ஏற்றி மேட்டில் நடந்தார்கள். மேற்கே ஒவ்வொரு குடம் இறங்கும்போதும் அந்தப் பக்கம் தரை ஒரு விரல்கடை தாழ்ந்தது. கடைசிக் குடத்தைப் பாண்டியராஜ் தன் வாசலில் இறக்கியதும் சந்து முனகிக்கொண்டு மொத்தமாக மேற்கே சாய்ந்தது. கடை ஷட்டரோடு மேலே எழும்பியது. அந்தக் குலுக்கலில் கம்பத்து விளக்கு பற்றிக்கொண்டது. பெண்கள் நிறைகுடங்களைத் தட்டிக் கூவினார்கள், பிள்ளைகள் விசிலடித்தார்கள். கௌசல்யா மூட்டையை அவிழ்த்துத் துணிகளைக் கொடியில் போட்டாள்.

அந்த வெளிச்சத்தில் சந்துக்காரன் ஹாமித் புரோட்டாக் கடை போட்டான், கேரம் போர்டும் வந்தது. குடிக்க விரும்புகிறவர்கள் இன்றும் சுவரைப் பிடித்தபடி ஏறத்தான் செய்கிறார்கள். பாதிப் பேர் மூச்சு வாங்கித் திரும்பிவிடுவார்கள். விளக்கு அணைந்தால் சந்து கிழக்கே லேசாக அசையும். உடனே லைன்மேனுக்குப் போன் பறக்கும். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வார்கள்: கட்டிலுக்குச் செங்கல் மேற்குப் பக்கம் வைக்க வேண்டும்.