குச்சி பொறுக்கும் மெஷினின் மறுபரீட்சை

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில், தேயிலையில் கிடக்கும் குச்சியைக் கமராக் கண்ணால் பார்த்து ஊதித் தள்ளும் மெஷின், இன்று முதல் தமிழ் பேசும். பேசும் என்றால் வாய் திறக்காது. திரையில் எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குத்தான் வாசலில் தோரணம், மேசையில் கேக்.

ஏற்பாடெல்லாம் மிலானுடையது. தொழிலாளர் லயத்தில் பிறந்து, தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் உதவி டீமேக்கர் ஆனவன், சும்மா இருப்பானா? தோரணம் கட்டிக் கொடுத்தது ஜீவராணி; மெஷின் விட்டதைக் கையால் பொறுக்கும் நான்கு பெண்களில் மூத்தவள்.

மெஷினில் இம்மி மாறினாலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்பது விதி. சுத்தமான தேயிலைத் தூளில் குச்சியைக் கலந்து ஓட்டி, நல்ல தூள் சேரும் தட்டில் குச்சி விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

"எழுத்துத்தான் சேர் மாறியிருக்கு. கண்ண மூடிக்கிட்டு பாஸாகும்," என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் மார்தட்டியிருந்தான் மிலான்.

"பாஸானா அந்தப் பொம்பளைங்கள திங்கக்கிழமை மலைக்கு அனுப்பிருவோம். கொழுந்தெடுக்க ஆள் பத்தல," என்றார் துரை.

இதை மட்டும் மிலான் அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. விழா கெட்டுவிடுமே.

அன்று துரை வரத் தாமதமானது. "ஓட்டி வைங்க, வந்து தட்டப் பாக்குறேன்," என்று போனில் சொன்னார். மிலான் ஓட்டினான். நல்ல தட்டு நிறையக் குச்சி. எழுத்தை மாற்ற வந்த மென்பொருள், போகிற போக்கில் குச்சியை அடையாளம் காணும் பழைய அளவுகளையெல்லாம் அழித்துவிட்டிருந்தது. வெளியே ஜீப் ஹோர்ன் கேட்டது. தட்டை அப்படியே விட்டுவிட்டு மிலான் வாசலுக்கு ஓடினான்.

துரையோடு திரும்பி வந்தால், தட்டு சுத்தம். மிலானுக்கு ஒரு கணம் தேவபக்தி பெருகியது. துரை தூளை அள்ளிப் பார்த்துத் தலையாட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். அப்போதுதான் ஜீவராணியின் முந்தானை முடிச்சிலிருந்து குச்சி எட்டிப் பார்ப்பது அவன் கண்ணில் பட்டது.

ஓரமாகப் போய், "என்னக்கா செஞ்சீங்க?" என்றான்.

"என்னத்த செஞ்சோம்? பொறுக்குனோம். எங்க வேலையே அதுதானே."

"யாருக்கா பொறுக்கச் சொன்னது?"

"தொரைக்கு முன்னால நம்ம புள்ள தலகுனிஞ்சு நிக்கணுமா? போயி கேக்கு தின்னுங்க தம்பி. மூஞ்சி திரிஞ்ச பாலாட்டம் கெடக்கு."

மிலான் மனதுக்குள் கணக்குப் போட்டான். மெஷினைச் சரிசெய்ய ஆள் கூப்பிடலாம். கூப்பிட்டால் ஏன் என்று துரை கேட்பார். சொல்லிவிட்டால் இந்த நாலு பேரும் மலைக்குப் போகாமல் கூரைக்குக் கீழேயே இருப்பார்கள். தன் மார்தட்டல்தான் சந்தி சிரிக்கும். துரை கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார்.

"சேர்," என்றான்.

துரை திரும்பினார். நான்கு பெண்களும் தங்கள் பிள்ளை பேசப்போவதைப் பெருமையோடு பார்த்தார்கள்.

"இன்னொரு துண்டு கேக் எடுங்க சேர்."

திங்கட்கிழமை நால்வரும் மலைக்குப் போனார்கள். மெஷின் குச்சி பொறுக்கவில்லை.