கண் திருத்திய படம்

படத்தைக் கையில் வாங்கிய அம்மாள் முதலில் மகனைப் பார்த்தார், பிறகுதான் படத்தைப் பார்த்தார். விளக்கைப் போடச் சொன்னார். போட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிரே ஸ்டூடியோக்காரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் இத்தனை பாடு படுவது. சிலர் அழுவார்கள். சிலர் முகத்தைத் தடவிப் பார்ப்பார்கள். போன தடவை ஒருவர், "எங்க தாத்தா இவ்ளோ குண்டா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எதுவானாலும் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

பிழைப்புக்கு அவள் எடுப்பது பாஸ்போர்ட் படங்களும் கல்யாணப் படங்களும். மற்ற நேரமெல்லாம் பழைய சாமான் கடைகளில் உடைந்த சட்டங்களைக் கிளறிக்கொண்டிருப்பாள். அவற்றில் மாட்டிக்கொண்ட யாரோ எவரோவின் படத்தைக் கணினியில் சரிசெய்து, அவர்களுக்குப் பேரன் பேத்தியைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதில் அவளுக்கு அப்படியொரு பைத்தியம். "செத்தவங்களுக்கு நீ போஸ்ட்மேன்" என்பார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு, பேரம் பேச அவரே கூட வருவார். இந்தப் படமும் அப்படிக் கிடைத்ததுதான். சட்டத்தில் மேலே ஒரு ஏரிக்கரைப் படம். அதைப் பிரித்தால் பின்னால் இது. சட்டைக் காலரில் பஸ் டிப்போ வில்லை குத்திய அப்பா, மடியில் கைக்குழந்தையோடு அம்மா, பக்கத்தில் முழங்கையில் கட்டுப் போட்ட ஐந்து வயதுப் பெண். ஓய்வு பெற்ற டிப்போ ஊழியர்களின் வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டாள். ஒருவர் அப்பாவை அடையாளம் சொன்னார். அந்த அப்பாவின் தம்பி வழிப் பேரன் இணையத்தில் வம்ச மரம் போட்டு வைத்திருந்தான். சித்தப்பா, மச்சான், ஒன்றுவிட்ட அத்தை என்று கிளை கிளையாக ஏறி இறங்கி, கடைசியில் ஸ்கூல் வேன் ஓட்டுகிற இந்த மகனிடம் வந்து சேர்ந்தாள். கட்டுப் போட்ட பெண் தன் அம்மாதான் என்று அவர் ஃபோனிலேயே சொல்லிவிட்டார்.

அம்மாளின் விரல் தன் படத்தின் மேல் நிற்கவில்லை. குழந்தையின் முகத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"கண்ணைத் தொறந்திருக்கானே" என்றார்.

ஸ்டூடியோக்காரிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. குரூப் போட்டோ என்றால் யாராவது ஒருவர் கண்ணை மூடித் தொலைப்பார்கள். வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டுவது அவளுக்குக் கைவந்த வேலை; யோசிக்கவே தேவையில்லை. இங்கே வேறு படம் இல்லை. அதனால் பக்கத்தில் நின்ற அக்காவின் கண்களையே சின்னதாக்கித் தம்பிக்கு வைத்தாள். அக்கா தம்பி ஜாடை, கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

"இந்தக் கட்டைப் பாத்தியாடா?" அம்மாள் மகனிடம் கேட்டார். "இவனை இடுப்புல தூக்கிட்டுப் படி எறங்கினேன். வழுக்கிருச்சு. எனக்கு முழங்கை, அவனுக்குத் தலை. விழுந்தவன் கண்ணே தொறக்கல, நீதாண்டி முழுங்கினேன்னு எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லிச்சு. அந்தக் கட்டோடதான் என்னை இழுத்துட்டு வந்து போட்டோவுக்கு நிறுத்தினாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பயம்." படத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தார். "பாரு, முழிச்சு உக்காந்திருக்கான். அதுக்கப்புறம் காய்ச்சல் கீச்சல் வந்து போயிருப்பான். இதுக்குப் போயி என்னைப் படுத்தாத பாடு படுத்திட்டாங்களே, பாவிங்க."

அம்மாள் அழுதார். அழுகைக்கு நடுவே சிரிக்கவும் செய்தார். ஸ்டூடியோக்காரி எட்டிப் படத்தைப் பார்த்தாள். பல நாள் கணினியில் பெரிதாக்கிப் பார்த்த படம் இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. குழந்தையின் பிடரியை அந்தத் தாய் ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு கை முகவாயை ஏந்தியிருந்தது. அப்பா கேமராவைப் பார்க்கவே இல்லை. பூச்சி அரித்த இடத்தையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்தவளுக்கு இது கண்ணில் படவில்லை. தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

"தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டு, மகன் அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போனார். டம்ளரை எடுக்கவில்லை.

"வாட்ஸப்ல எனக்கு வந்த படத்துல கண்ணு மூடித்தானே இருந்துச்சு?"

"ஆமா சார். நான்தான்… தொழில்ல அது ஒரு பழக்கம். தூங்குற குழந்தைன்னு நெனச்சுட்டேன்."

"தூங்குச்சா, இல்ல..."

"சத்தியமா தெரியல சார்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "அம்மா எங்களைத் தூக்கினதே கெடையாது மேடம். எல்லாம் எங்க அப்பாதான். பக்கத்துல படுக்க வச்சுப் பால் குடுப்பாங்க, அவ்வளவுதான். எங்கம்மாவுக்குக் கல்லு மனசுன்னு ஊரே பேசும். நானும் பேசியிருக்கேன்." கையை நீட்டினார். "ஒரிஜினல் எங்க?"

கைப்பையில்தான் இருந்தது. அசலையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது அவள் வழக்கம். கொடுத்தால் அம்மா கண்ணில் படாமல் கிழித்துவிடுவார் என்று அவர் முகமே சொன்னது. செத்துப்போன அந்தக் குழந்தைக்கு இந்த உலகத்தில் மிச்சம் அந்த ஒரு துண்டுதான். கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனாலும், உள்ளே அழுதுகொண்டே சிரிக்கிற அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வருமா? வராது என்று தெரிந்தது. அது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சார், அது உங்க மாமாவோட..."

"ஐயோ பாட்டி, பாத்து, பாத்து!" என்று உள்ளே இருந்து மகனின் மகள் குரல் கொடுத்தாள். பிரசவத்துக்கு வந்து கைக்குழந்தையோடு இருந்தவள்.

இருவரும் ஓடினார்கள். அம்மாள் எழுந்து நின்றிருந்தார். கொள்ளுப்பேரன் அவர் தோளில் கிடந்தான். தூக்கத் தெரியாத கைகள். ஒன்று முதுகிலும் ஒன்று தொடையிலும் இறுக்கிப் பிடித்திருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்ட பேத்தியை அவர் அதட்டினார்.

"உக்காரச் சொல்லாத. நின்னுக்கிட்டே தூக்குவேன். இத்தனை வயசுக்கு மேல எனக்கு எவ பயம் காட்டுறது?" ஸ்டூடியோக்காரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாம்மா, வா. நல்ல வேளை நீயே இருக்கே. எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடு."

மகன் அவளிடம் மறுபடியும் கையை நீட்டினார். அவள் கைப்பைக்குள் கையை விட்டாள். உறையின் முனை விரலில் பட்டது. அதைத் தாண்டி ஃபோனை எடுத்தாள்.

திரையில் அம்மாள் நிமிர்ந்து நின்றார். குழந்தை அதற்குள் தோளில் சாய்ந்து அயர்ந்துவிட்டிருந்தது.

"பேசாம இரு, பேசாம இரு" என்று அம்மாள் ரகசியமாகச் சொன்னார். "இப்ப எடுக்காத. அவன் கண்ணு முழிக்கட்டும்."

அவருக்குப் பாரம் தாங்கவில்லை, குழந்தையை மேலே ஏற்றிக்கொண்டார். ஆனாலும் உட்காரவில்லை, குழந்தையை யாரிடமும் கொடுக்கவில்லை. ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடியே ஸ்டூடியோக்காரி நின்றாள். நான்கு பேரும் மூடிய அந்தச் சின்ன இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.