இருக்கட்டும்

சுவா நகரத்துச் சந்தையை ஒரு முறை முழுதாகச் சுற்றி முடித்த ராஜலக்ஷ்மி, மனசு கேட்காமல் மறுபடியும் முதல் வாசலிலிருந்து ஆரம்பித்தாள். மரவள்ளியும் சேம்பும் மேஜைகள் மேல் கூறு கூறாகக் குவிந்து கிடந்தன. நம் ஊர்க் கத்தரிக்காய் இருந்தது, வெண்டைக்காய் இருந்தது, கறிவேப்பிலைகூடக் கட்டுக் கட்டாக இருந்தது. பூவுக்கும் பஞ்சமில்லை. செம்பருத்தி, ஆர்க்கிட், முழ நீளத்துக்குச் சிவப்பாக ஏதோ இஞ்சிப்பூ, கல்கத்தாவில் காட் கோலாப் என்பார்களே அந்த வெள்ளைப்பூ. மல்லிகை மட்டும் கிடையாது. இங்கிலீஷில் ஜாஸ்மின் என்றாள், ஹிந்தியில் மோக்ரா என்றாள், வாய்ப் பழக்கத்தில் வங்காளியில் பேலி ஃபுல் என்றும் சொல்லிப் பார்த்தாள். சுருட்டை முடிக்காரப் பெண்மணி ஒருத்தி வாய் நிறையச் சிரித்து, காட் கோலாப்பில் ஒன்றை எடுத்து இவள் காதோரம் செருகிவிட்டாள். பசிபிக் கடலுக்கு நடுவே ஒரு தீவின் தலைநகரத்தில், காதில் பூவோடு, கையில் வெறும் பையோடு, ராஜலக்ஷ்மிக்கு அழுகை வந்தது.

பூவைத் தேடியது தலைக்கு இல்லை, சாமிக்கும் இல்லை. வீட்டில் மகள் மதுவந்திக்குப் பால் கட்டிக்கொண்டுவிட்டது. குடிக்கக் குழந்தை இல்லை.

எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. பெண் குழந்தை. அது போனது உடம்புக்குத் தெரியவில்லை, அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துவிட்டது. மார்பு இரண்டும் கல்லாகி, சேலைத் தலைப்பு பட்டால்கூடத் துடித்துப்போகிறாள். ஆஸ்பத்திரி நர்ஸ் நல்லவள்தான். இறுக்கமாக உடுத்துங்கள், ஐஸ் வையுங்கள், கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிடும் என்றாள். தானாகச் சரியாகிவிடும் என்றால் அம்மா என்று ஒருத்தி இவ்வளவு தூரம் எதற்கு வந்தாள்? மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும். கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த ஊரில் அவளால் ஆகக்கூடிய காரியம் அது ஒன்றுதான்.

ராஜலக்ஷ்மி கடல் தாண்டியவள் இல்லை. பூரியில் கால் நனைத்ததோடு அவளுக்கும் கடலுக்கும் உள்ள உறவு முடிந்திருந்தது. பெண்ணின் பிரசவத்துக்கென்றுதான் பாஸ்போர்ட்டே எடுத்தாள். பெட்டியில் பாதிக்குமேல் சுக்கு, திப்பிலி, மணத்தக்காளி வற்றல், பிரசவ லேகியம். குழந்தை கையில் கட்ட வசம்பு வளையல் ஒரு ஜோடி, வெள்ளைத் துணியில் முடிந்து. நாந்தி விமான நிலையத்தில் இறங்கியதும் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, மலை மாதிரி மனிதர், முதலில் "புலா!" என்றார். அது அந்த ஊர் வணக்கம். கல்கத்தாவிலேயே ஊறிய காதுக்கு அது 'புல்' என்று விழுந்தது. வங்காளியில் தப்பு என்று அர்த்தம். இறங்கியதும் இறங்காததுமாக என்ன தப்புப் பண்ணிவிட்டோம் என்று ராஜலக்ஷ்மி பயந்துபோனாள். செடி கொடி, வேர் எதுவும் தீவுக்குள் வரக்கூடாதாம். சுக்கு போயிற்று, லேகியம் போயிற்று. வசம்பு வளையலைக் கையில் எடுத்து இது என்ன என்று கேட்டார். "ஃபார் பேபி" என்றாள். அவர் முகம் மலர்ந்தது. "கங்கிராஜுலேஷன்ஸ், கிராண்ட்மா!" என்று கைகுலுக்கிவிட்டு, அதையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

வெளியே மாப்பிள்ளை நரேன் நின்றிருந்தான். துர்காபூரில் வளர்ந்த பையன், தமிழைவிட வங்காளிதான் சரளம். பெட்டி வண்டியை வாங்கிக்கொண்டு, "மொதல்ல ஏதாவது சாப்பிடலாம்மா" என்றான். ராஜலக்ஷ்மிக்கு வாய் கொள்ளவில்லை. "இருங்கோ மாப்பிள்ளை, இத கேளுங்கோ. பாட்டின்னு எனக்கு மொத வாழ்த்து இந்த ஊர் ஆபீசர் கையாலதான்!" என்று சிரித்தாள். நரேன் அந்த வண்டியின் கைப்பிடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியதைப் பார்த்தபோது அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் சிங்கப்பூரில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்த நேரத்தில் நடந்திருக்கிறது. கணவர் குருமூர்த்திக்கு அப்போதே தெரியும். தனியாகப் போகிறவளிடம் நடுவழியில் சொல்ல வேண்டாம் என்று மாமனாரும் மாப்பிள்ளையுமாகப் பேசி வைத்துக்கொண்டார்கள். அது தெரியாமல் இவள் சிங்கப்பூரிலிருந்து அவருக்குப் போன் போட்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கடையில் தொங்குகிற தொட்டில் பொம்மையைப் பற்றி வளவளவென்று பேசினாள். அவர் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சரியை அவளால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

சந்தை வாசலில், கடலைப் பார்த்த படிக்கட்டில் உட்கார்ந்து அவருக்குத்தான் போன் போட்டாள். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், வேறு யாருக்குப் போடுவது? அங்கே காலை நேரம். பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த நேரத்துக்கு அவர் லேக் மார்க்கெட்டில்தான் இருப்பார்.

"என்ன ராஜி, மது ஏதாவது பேசினாளா?"

"மல்லிப்பூ கெடைக்கலை."

"என்னது?"

"பால் கட்டிண்டிருக்கு அவளுக்கு. வச்சுக் கட்டணும். இந்த ஊர்ல மல்லிப்பூவே இல்லேங்கறா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி விஷயத்தை அவரிடம் அவள் வாய் திறந்து சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. அவர் அவசரமாக, "இரு, இரு, நான் மார்க்கெட்லதான் நிக்கறேன்" என்று வீடியோவைப் போட்டார். திரையில் முதலில் அவர் செருப்புத் தெரிந்தது, அப்புறம் ஒரு டிராம் தண்டவாளம், அப்புறம் மல்லிகை. ஈரச் சாக்கின் மேல் குவியல் குவியலாக மொட்டு. பூக்காரியின் விரல்கள் நாரில் ஓடிக்கொண்டிருந்தன. "இதோ பாரு, எல்லாம் மொட்டா இருக்கு. எவ்வளவு வேணும் சொல்லு" என்றார் குருமூர்த்தி, அவள் என்னவோ தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறாற்போல.

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. "கூரியர்ல..." என்று இழுத்தார்.

"ஏன்னா, இது என்ன ஊறுகாயா?"

அவர் போனைத் திருப்பவில்லை. பூவே தெரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் எங்கோ அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அன்னிக்கே ஒங்கிட்ட சொல்லியிருக்கணும் ராஜி. நீ பொம்மை கதை சொல்லிண்டிருந்தே, எனக்கு வாய் வரலை" என்றார். திட்டுவதற்கென்று அவள் எடுத்து வைத்திருந்த அத்தனையும் அந்த இடத்தில் கரைந்து போயிற்று. அவர் மட்டும் என்ன செய்வார், பாவம், பூவுக்கு நடுவில் நின்றுகொண்டு.

"அரே! ஈ தோ ஹமார் கர் மே ஹை!"

திரும்பிப் பார்த்தாள். பக்கத்துக் கத்தரிக்காய்க் கடைக்காரர் அவள் தோளுக்குமேல் எட்டி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுத்து மெலிந்த மனிதர், திருவண்ணாமலைப் பக்கம் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் எதிர்ப்படுகிற முகம். பெயர் ஏழுமலை. அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவராம். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அந்தப் பெயர்தான். மற்றதெல்லாம் அந்தத் தீவின் ஹிந்தி. அவர் வீட்டு வாசலில் இந்தப் புதர்தான் மண்டிக் கிடக்கிறதாம், நாளைக் காலையில் கொண்டுவருகிறாராம். எதற்கு, பூஜைக்கா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ராஜலக்ஷ்மி ஆமாமென்று தலையை ஆட்டிவிட்டாள். வேறு எதையும் அந்த மனிதரிடம் எந்தப் பாஷையில் சொல்வது?

மறுநாள் ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறைய மொட்டு வந்தது. அவர் மனைவி குளித்துவிட்டுப் பறித்தாளாம், பூஜைப் பூவாயிற்றே. டப்பாவை வாங்கும்போது ராஜலக்ஷ்மிக்கு உடம்பு கூசியது. ஆனால் வாங்கிய பிறகு, பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, இந்த ஊருக்கு வந்து முதல் தடவையாக அவளுக்கு முதுகு நிமிர்ந்தது. பொய் சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறோம், பெண் இன்றைக்காவது தூங்குவாள்.

வீட்டில் மதுவந்தி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நரேன் ஏதோ கையெழுத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். குழந்தையைப் புதைக்கவும் அவன்தான் போனான், அலுவலக நண்பன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு. மது அதைப் பற்றியும் கேட்கவில்லை, எதைப் பற்றியும் பேசவில்லை, ஒரு சொட்டு அழவில்லை. அவள் நைட்டியின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. ராஜலக்ஷ்மி கதவைத் தாளிட்டாள். தன் பழைய நூல் சேலையைப் பட்டையாகக் கிழித்து மடியில் விரித்து, பூவைப் பரப்பினாள். அறை முழுக்க வாசனை ஏறியது.

"பட்டனைக் கழட்டும்மா."

சின்னக் குழந்தை மாதிரி மது கழற்றினாள். பெற்ற பெண்தான், ஆனாலும் ராஜலக்ஷ்மியால் நேராகப் பார்க்க முடியவில்லை. நரம்பெல்லாம் பச்சையாகப் புடைத்திருந்தது. குளிர்ந்த மொட்டு பட்டதும் மது பல்லைக் கடித்தாள்.

"இது எதுக்கும்மா?"

"வலி போயிடும்டி செல்லம். ரெண்டு மூணு நாள் மாத்தி மாத்தி வச்சுக் கட்டினா வத்திடும்."

"வத்திடுமா?"

"சுத்தமா வத்திடும். ஒரு சொட்டு இருக்காது, பாரேன்." சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

"தாக், மா" என்றாள் மது.

கல்கத்தாவில் பக்கத்து வீட்டுக்காரியிலிருந்து மீன்காரன் வரைக்கும் எல்லோர் வாயிலும் ராஜலக்ஷ்மி அந்த வங்காளிச் சொல்லைக் கேட்டிருக்கிறாள். தட்டில் இன்னொரு சந்தேஷ் வைக்கட்டுமா என்றால், தாக். பையைத் தூக்கித் தரட்டுமா என்றால், தாக். போதும், உனக்கு எதற்குச் சிரமம் என்று அர்த்தம். அம்மா கஷ்டப்பட வேண்டாம் என்கிறாள் போலிருக்கிறது. "எனக்கு என்னடி சிரமம்? பேசாம இரு" என்று துணியை முதுகுப் பக்கம் கொண்டுபோய் இழுத்து முடிச்சுப் போடப் போனாள்.

மது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிகிற பிடி.

"தாக் நா, மா. தாக்."

அப்போதுதான் ராஜலக்ஷ்மிக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. நம் 'இருக்கட்டும்' மாதிரிதான் அந்தச் சொல். வேண்டாம் என்பதற்கும் அதுதான், இருந்துவிட்டுப் போகட்டும் என்பதற்கும் அதுதான்.

"அவளுக்குன்னு வந்ததும்மா இது" என்றாள் மது. "ஆஸ்பத்திரில எல்லாத்தையும் எடுத்துண்டு போயிட்டா. மொகத்த சரியாப் பாக்கறதுக்குள்ள எடுத்துண்டு போயிட்டா. இது ஒண்ணுதான் பாக்கி. இதையும் நீயே வத்த வைக்கணுமா?"

"வலிக்குமேடி..."

"வலிக்கட்டும்."

ராஜலக்ஷ்மி துணியை அவிழ்த்தாள். மொட்டுகள் தோலில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தாள். இவ்வளவு தூரம் பறந்து வந்து, ஊரெல்லாம் அலைந்து, பொய் சொல்லிப் பூ வாங்கி, கடைசியில் தான் செய்ய வந்த காரியம் இந்தப் பெண்ணிடமிருந்து இன்னும் ஒன்றைப் பறிப்பதுதானா என்றிருந்தது அவளுக்கு. எடுத்த மொட்டுகளைத் திரும்ப ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடினாள்.

வலி தாங்க முடியாமல் போனபோது மதுவே ஒரு கிண்ணம் கேட்டாள். சமையலறையிலிருந்து சின்ன எவர்சில்வர் கிண்ணம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ராஜலக்ஷ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்சம்போல்தான் பீய்ச்ச முடிந்தது. அதற்குள் மதுவுக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு, மூச்சு வாங்கி, கிண்ணத்தைச் சாயவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். ராஜலக்ஷ்மி அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு நின்றாள்.

அழுகை ஓய்ந்ததும் மது கிண்ணத்தை நீட்டினாள்.

"எங்கேயாவது ஊத்திடும்மா. எங்க ஊத்தினேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதே."

ராஜலக்ஷ்மி அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். தாய்ப்பாலைத் தொட்டியில் கொட்டக் கூடாது, கால் படுகிற இடத்தில் ஊற்றக் கூடாது. செடியடியில் ஊற்றலாம். பப்பாளி மரத்தடியில் எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. வேலியோரத்துப் புல்லில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். செம்பருத்திச் செடியைச் சுற்றி வீட்டுக்காரர் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. மண்ணெல்லாம் யாருடைய மண்ணோ. அவள் ஒவ்வொரு இடமாகப் போய்க் குனிந்து, ஊற்ற மனசு வராமல் நிமிர்ந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. தூறல் என்றெல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே பெரிய சொட்டுகள். ஒன்று கிண்ணத்துக்குள் விழுந்தது. ராஜலக்ஷ்மி உள்ளங்கையால் கிண்ணத்தை மூடிக்கொண்டாள். தலை நனைந்தது, முதுகு நனைந்தது. கையில் கிண்ணம் இன்னும் வெதுவெதுவென்று இருந்தது.