டீச்சர் அனுப்பிய லிங்க்

செம்பில் சாய்த்து வைத்த கைப்பேசி சரிந்து விழுந்தது. டீச்சர் பருப்பு டப்பாவைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தாள்.

விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோன கணவரை அங்கிருந்தே மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவளுக்கும் அதே கொரோனா காய்ச்சல். வீட்டில் தனியாக அடைபட்டுக் கிடந்தாள். கொழுந்தனார் மயானத்திலிருந்து கைப்பேசியில் காட்டுவதாக ஏற்பாடு. சொந்தங்கள் அழுகிற சத்தமாவது கூட இருக்கும், அதோடு சேர்ந்து தானும் அழுதுவிடலாம் என்று நினைத்திருந்தாள். தனியாக அழ அவளுக்குப் பயமாக இருந்தது.

எல்லோரையும் சேர்க்க அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு லிங்க், தினமும் நாலாம் வகுப்பு நடத்துகிற லிங்க். அதற்கே ஒரு மாதம் மல்லுக்கட்டியவள் அவள். வகுப்பு நேரமும் அதுவாகவே போயிற்று. சொந்தக்காரர்களுக்கு நடுவே கட்டம் கட்டமாகப் பிள்ளைகள் முளைத்தன.

"குட் மார்னிங் மிஸ்!"

"யாரு அண்ணி இந்தப் பிள்ளைங்கல்லாம்?" என்றாள் நாத்தனார், அழுகையை நிறுத்தாமலே.

டீச்சருக்கு உடம்பெல்லாம் கூசியது. பழகிப்போன வாய் முந்திக்கொண்டது. "எல்லாரும் மைக்க ஆஃப் பண்ணுங்க."

பிள்ளைகள் பண்ணின. நாத்தனார் பண்ணினாள். தேம்பிக்கொண்டிருந்த சித்தப்பாகூட மூக்கை உறிஞ்சிவிட்டுப் பண்ணினார். வீடு கப்பென்று அடங்கிவிட்டது. இதைவிடப் பெரிய மடத்தனம் உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அண்ணி, உள்ள கொண்டுபோறாங்க. முகம் தெரியாது, சுத்திட்டாங்க" என்றார் கொழுந்தனார். தூரத்தில் வெள்ளையாக ஏதோ நகர்ந்தது. இரும்புக் கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் அவர் கட்டமும் மறைந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதிவிட்டு உறவுகள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. மிஸ் சொல்லாமல் அவை போவதில்லை.

முன்பல் விழுந்த சிறுமி கை தூக்கினாள். "மிஸ், இன்னிக்கும் சார் உங்க பின்னாடி டீ கொண்டு வரலையா?"

"வரலம்மா."

"நாங்க போகலாமா மிஸ்?"

டீச்சர் சுற்றிலும் பார்த்தாள். கூடத்தில் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இருங்க. எல்லாரும் மைக்க ஆன் பண்ணுங்க. ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க. சத்தமா."

"ஓரேழு ஏழு... ஈரேழு பதினாலு..." ஒன்று முந்த, ஒன்று பிந்த, வீடு முழுக்க ஒரே கூச்சல்.

டீச்சர் தன் கேமராவை அணைத்தாள். பிறகு மைக்கையும்.