சாலையில் பிடித்த சிவப்புக் கொடி

அமெரிக்காவின் இந்த மொஹாவிப் பாலைவனத்துக்கு முதலில் வந்தது சுரங்கம். ஈயம் தோண்டினார்கள். அதை அள்ளிக்கொண்டு போக ரயில் வந்தது. தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ள மெக்சிகோவிலிருந்து நாங்கள் வந்தோம். ஈயம் தீர்ந்தது, ரயிலும் நின்றது, மலையை உடைத்துச் சாலை போட்டார்கள். எல்லாரும் போய்விட்டார்கள். நானும் என் பெண்டாட்டி டெல்ஃபினாவும் மட்டும் மிச்சம். தண்டவாளத்தைப் பெயர்த்து முடிக்கிறவரை காவல் இரு என்று கம்பெனி சொல்லியிருந்தது. எதற்குக் காவல், பல்லிக்கா? வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, மடையன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்கு வயிற்றில் வலப்பக்கம் வலித்தது. பீன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். வியாழன் காலை உடம்பு கொதித்தது, வயிறு பலகையாக இறுகிவிட்டது. டாக்டர் இருந்தது நாற்பது மைல் தள்ளி, டவுனில். தண்டவாளத்தில் தள்ளிப்போகிற வண்டி ஒன்று என்னிடம் இருந்தது. ஆனால் பத்தாவது மைலுக்கு மேல் தண்டவாளமே இல்லை. அரை மைலில் இருந்த புதுச் சாலைக்கு அவளை முதுகில் சுமந்துகொண்டு போனேன்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட என்னைத் தூக்கல. இப்பத்தான் ஆசை வந்துச்சாக்கும்" என்றாள்.

புதர் நிழலில் அவளைக் கிடத்திவிட்டு நடுச்சாலையில் நின்றேன். கையில் சிவப்புக் கொடி. குறுக்கே ஆட்டினால் எப்பேர்ப்பட்ட ரயிலும் நின்றாக வேண்டும். இருபத்தாறு வருஷம் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன்.

மலைப் பக்கமிருந்து, டவுனுக்குப் போகிற லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. கால் மைல் இருக்கும்போதே நின்றுவிட்டது. பலமாக ஆட்டினேன். பின்னால் நகர்ந்தது! "டேய், நில்லுடா!" என்று கத்திக்கொண்டே, கொடியை வீசியபடி ஓடினேன். லாரி அப்படியே திரும்பி, விட்டால் போதுமென்று பறந்தது. அதன் பின்னால் வந்த இன்னொன்றையும் மறித்துத் திருப்பிக்கொண்டு மலை வளைவில் மறைந்தது. அவளைத் தனியாக விட்டுவிட்டு எவ்வளவு தூரம் ஓடுவது? அவன் குடும்பம் விளங்காமல் போக என்று சபித்துவிட்டுத் திரும்பினேன்.

"ரயிலையே நிறுத்தின மனுசன், ஒரு லாரி உன்னை மதிக்கலையே" என்று சிரிக்கப் பார்த்தாள். வாந்திதான் வந்தது.

"வேற வண்டி வரும், புள்ள."

வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. மலைப் பக்கம் ஒரு பொட்டுப் புழுதி இல்லை. டவுனுக்குப் போன லாரிகளும் சாயங்காலம்தான் திரும்பும்.

மத்தியானம் திடீரென்று, "ஹிலாரியோ, வலி நின்னுடுச்சு" என்றாள். நான் சந்தோஷப்பட்டேன். கடவுளே, சந்தோஷப்பட்டேன்! உள்ளே எல்லாம் உடைந்துபோனதால் நின்ற வலி என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்று மணிக்கெல்லாம் போய்விட்டாள். தலையிலடித்துக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் அதே லாரி ஊர்ந்து ஊர்ந்து வந்தது. ஓட்டியவன் வெர்னன், எங்கள் சுரங்கத்தில் வெடி வைத்துக்கொண்டிருந்தவன். தலையை நீட்டி, "என்ன பெரியவரே, வெடிச்சாச்சா?" என்று கேட்டான்.

"எது?"

"எதுவா? சிவப்புக் கொடியோட அலறிக்கிட்டு ஓடி வந்தீங்களே! சுரங்கத்துல அப்படி ஒருத்தன் ஓடி வந்தா, திரி பத்த வெச்சாச்சுன்னு அர்த்தம். சாலையை அகலப்படுத்த இங்கயும் வெடி வைக்கிறாங்கபோலன்னு திரும்பிட்டேன். வளைவுக்கு அந்தப் பக்கம் ஆறு லாரியை மறிச்சு வெச்சிருக்கேன். காலையிலேருந்து காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம், ஒரு சத்தத்தையும்..."

அப்போதுதான் புதரடியில் அவளைப் பார்த்தான். இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றினான்.

"ஐயோ... வெறுங்கையைக் காட்டியிருந்தா நின்னிருப்பேனே, பெரியவரே!"

"வெறுங்கைக்கு ரயில் நிக்காதுப்பா" என்றேன்.

இரண்டு பேருமாக அவளைத் தூக்கி லாரியில் ஏற்றினோம். வழியெல்லாம் அவன் அழுதுகொண்டே ஓட்டினான். நாற்பது மைலுக்கு ஒரு மணி நேரம்தான் ஆயிற்று.