மூன்று தரம் கூப்பிட்டேன்

விசில் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பிரதாபன் சேர் அதைத் தன் பையிலிருந்து எடுத்து, சிவப்பு நாடாவோடு என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். "வேண்டாம் சேர், எனக்கு என்ரை குரல் காணும்" என்றேன். பின்னால் நின்ற பெடியள் ஓவென்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். எங்கள் வளவில் நின்று நான் கூப்பிட்டால் மூன்று வளவு தள்ளி மேயும் மாடு தலையைத் தூக்கும், அது நாரந்தனை ஊருக்கே தெரிந்த விஷயம். இந்தத் தொண்டைக்காகத்தான் என்னை மாணவர் தலைவி ஆக்கினார்கள், வேறொன்றுக்குமில்லை என்று அம்மா சொல்லுவா. அம்மாவுக்கு என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் வாயில் வராது.

அது இரண்டாயிரத்து ஏழு, ஆவணி மாதத்துச் சனிக்கிழமை. பிரதாபன் சேர் யாழ்ப்பாணத்திலிருந்து ஏதோ ஒரு நிறுவனத்தின் பேரில் வந்திருந்தார். நேவிக்காரரின் காவலரண்களைத் தாண்டி எங்கள் தீவுக்கு வந்ததில் காலையிலேயே களைத்திருந்தார். பின்னேர பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட வேண்டும் என்று அடிக்கடி மணியைப் பார்த்துக்கொண்டார். பயிற்சியின் பெயர் தலைமைத்துவமும் தன்னம்பிக்கையும். ஆளுக்கொரு தாள் தந்து, எனது பலம் என்ன, எனது பலவீனம் என்ன என்று எழுதச் சொன்னார். நான் பலம் என்ற இடத்தில் குரல் என்று எழுதினேன். பலவீனம் என்ற இடத்தில் கோடு இழுத்துவிட்டேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. என்னில் ஒரு குறையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, கடவுளே.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு காலத்தில் அறுநூறு பேர் படித்த பள்ளிக்கூடத்தில் அந்த வருசம் எண்பத்தேழு பேர்தான் இருந்தோம். என்னிலும் கெட்டிக்காரர், என்னிலும் வடிவாகப் பேசத் தெரிந்தவர்கள் எல்லாரும் கொழும்பு, வன்னி, கனடா என்று போய்விட்டார்கள். வாய்க்காரியான நான் மிஞ்சினேன். அதைத்தான் நான் தன்னம்பிக்கை என்று நினைத்துக்கொண்டு சட்டையில் தலைவிக்கான பட்டியும் குத்திக்கொண்டு திரிந்தேன்.

சேர் சொல்லித்தந்த விளையாட்டு இதுதான். ஆறு பேருடைய கண்ணைக் கட்டி ஒவ்வொருவரையும் வெவ்வேறு இடத்தில் நிறுத்துவது. தலைவர் ஓரிடத்தில் நின்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட, அவர்கள் 'ஓம்' சொல்லிக் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வரவேண்டும். பள்ளிக்கூட முற்றம் சின்னது என்று பின்பக்கத்து வளவுகளுக்குப் போனோம். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் சனம் விட்டுப்போன வீடுகள் அவை. ஓடுகளும் நிலைக்கதவுகளும் எப்போதோ கழன்று போய்விட்டன. ஒரு வீட்டின் குசினிக்குள் வேப்பமரம் ஒன்று கூரைக்கு மேலே வளர்ந்து நின்றது. எங்கும் பனங்காவோலை விழுந்து காய்ந்து கிடந்தது. ஓணான் ஓடினாலும் சரசரக்கும். உச்சி வெயில் நேரம். அந்த நேரத்தில் அங்கே யாரும் போவதில்லை.

ஆறாவது ஆளாக ஜெனீற்றா வரவேண்டும் என்றதும் நான்தான். அவள் அல்லைப்பிட்டி ஊர்ப் பிள்ளை. தகப்பன் கடலில் செத்துப்போனபிறகு தமையன் டிலோன்தான் தொழிலுக்குப் போய் வீட்டைப் பார்த்தவன். அதற்கு முந்தின வருசம் ஒரு நாள், இருட்டுப்படுகிற மைம்மல் பொழுதில், படலையில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். போனவன் போனவன்தான். தாய் அவனுடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேவிக் காம்ப் காம்பாக அலைய, ஜெனீற்றா நாரந்தனையில் தன் மாமி மாக்கிறேற் வீட்டுக்கு வந்து என் வகுப்பில் சேர்ந்தாள். வந்த நாளிலிருந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கு அவள் 'ஓம்' சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. இடாப்புக் கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்துவாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லுவாள், சிரிப்பாள், கணக்கு எல்லாம் சரியாகச் செய்வாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் முகம் சுண்ணாம்பாகிவிடும்.

"அந்தப் பிள்ளையை விடும். அதுக்கு விருப்பமில்லைப் போல" என்றார் சேர்.

"நான் கூப்பிட்டா வருவாள் சேர். நான் வரப்பண்ணுறன்."

சேர் என்னைப் பார்த்துச் சந்தோசமாகத் தலையாட்டினார். "இதுதான் வேணும். இந்த நம்பிக்கைதான் வேணும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஜெனீற்றாவின் கண்ணைக் கட்டியதும் நான்தான். கறுப்புச் சீலைத்துண்டை இறுக்கி முடிந்தபோது மற்றவர்களின் சிரிப்பெல்லாம் நின்றுபோனது. கண்ணைக் கட்டிக் கொண்டுபோனவர்களைப் பற்றி எங்கள் ஊரில் கேட்ட கதை ஒன்றும் விளையாட்டுக் கதை இல்லை. சேருக்கு அது யோசனையில் வரவில்லை. எனக்கும் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, தள்ளிவிட்டேன்.

முதலில் ஜெனுஷனைக் கூப்பிட்டேன். அவன் வேப்பமரத்தடியில் கண் கட்டியபடி மாடு மாதிரி நின்றான். இரண்டாந்தரம் கூப்பிட்டேன், அசையவில்லை. மூன்றாந்தரம் கூப்பிட்டதும் "ஓம்" என்றுகொண்டு வந்தான். சேருக்குப் பிடிக்கவில்லை.

"ஏன் உமக்கு முதலே கேக்கேல்லையே?"

"கேட்டது சேர். மூண்டு தரம் கூப்பிடட்டும் எண்டு நிண்டனான்."

எங்கள் பக்கத்தில் அது பழக்கம். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே வாய் திறக்கக்கூடாது. பேய் ஒரு தரம் கூப்பிடும், மிஞ்சினால் இரண்டு தரம் கூப்பிடும், மூன்றாந்தரம் கூப்பிட அதற்கு ஏலாது. மூன்றாவதும் கேட்டால் அது மனிசர். பயப்படாமல் 'ஓம்' சொல்லலாம். சைவக்காரரும் வேதக்காரரும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற விஷயம் அது ஒன்றுதான். கனடாவிலிருந்து போன் வந்தால்கூட மூன்று மணி அடித்தபிறகுதான் அம்மா எடுப்பா.

சேர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "தலைவர் ஒரு தரம்தான் கூப்பிடோணும். மூண்டு தரம் கூப்பிட்டா அவருக்கே தன்னிலை நம்பிக்கை இல்லை எண்டு அர்த்தம்" என்றார். சரி என்றேன். மற்ற நாலு பேரும் ஒரே கூப்பிடலில் வந்தார்கள், வேண்டா வெறுப்பாக, கையால் காற்றைத் தடவிக்கொண்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனி ஜெனீற்றா மட்டும்தான்.

அவளை நான் தூரத்தில், இரண்டாவது வீட்டுச் சுவருக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன். என் இடத்திலிருந்து அவளுடைய நீலச் சட்டையின் ஒரு ஓரம் தெரிந்தது.

"ஜெனீற்றா!"

ஒன்றுமில்லை. சட்டை அசையவில்லை. காகம்கூடக் கத்தவில்லை. சேர் என்னைப் பார்த்தார், பெடியள் சேரைப் பார்த்தார்கள்.

"ஜெனீற்றா!"

"காணும் தர்சனா, விடும், நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார் சேர். நல்ல மனிசன், அவரை நான் குறை சொல்லமாட்டேன். எனக்குத்தான் விட மனம் வரவில்லை. வரப்பண்ணுகிறேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னவள் நான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அந்தத் தீவு முழுக்கக் கேட்கிற மாதிரி மூன்றாந்தரம் கூப்பிட்டேன்.

காவோலை சரசரத்தது. நீலச் சட்டை சுவரோரம் திரும்பியது, பிறகு இல்லை. அவள் ஓடிக்கொண்டிருந்தாள். என்னை நோக்கி அல்ல, மற்றப் பக்கம், கண்கட்டோடு.

அந்தப் பக்கத்தில், நாலைந்து வளவுக்குப் பொதுவான பங்குக் கிணறு இருந்தது. கட்டு இடிந்து, வாய் நிலத்தோடு நிலமாகக் கிடக்கிற கிணறு. "ஐயோ" என்று சேர் ஓடத் தொடங்கினார், காவோலை மட்டையில் கால் தடக்கி விழுந்தார். நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். ஓடும்போது கத்த வாய் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது, என் சத்தத்துக்குத்தான் அவள் ஓடுகிறாள் என்று. வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஓடினேன்.

கிணற்றடியில் நின்றாள். விளிம்புக்கும் அவளுடைய காலுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி நின்றாள். நான் நடந்தேன். ஒரு அடி வைப்பேன், காவோலை நொறுங்கும், நிற்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை. கிட்டப்போய் அவளுடைய இடது கையைப் பிடித்தேன். அந்த வெயிலிலும் கை பச்சைத்தண்ணியாக இருந்தது. அவள் திடுக்கிடவில்லை. மெல்ல இழுத்தேன்; கிணற்றை விட்டு வந்தாள்.

"ஒருக்காத்தான் கூப்பிட்டனீங்கள். எண்டாலும் எனக்குக் கேட்டது" என்றாள்.

பள்ளிக்கூடத்துப் பக்கமாக நடந்தோம். தான் தமையனோடு நடப்பதாக நினைக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. நினைக்கட்டும், வெளியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் காணும் என்று உள்ளுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டேன்.

"அண்டைக்கு அவங்கள் மூண்டு தரம் கூப்பிட்டவங்கள் அண்ணா. நான் எண்ணினனான். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தனீங்கள், போகமாட்டன் எண்டனீங்கள். நான்தான் சொன்னனான், மூண்டு தரமும் கூப்பிட்டாச்சு, பேயில்லை, மனிசர்தான், போய்ப் பாருங்கோ எண்டு. நான் சொன்னது சரிதானே அண்ணா? மனிசர்தானே."

எனக்கு அழுகை வந்தது. விம்மினால் என் குரல் தெரிந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். இதை அவள் தாய்க்கோ, மாக்கிறேற் மாமிக்கோ, பாவசங்கீர்த்தனத்தில் சுவாமிக்கோ சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வருசமாக இதை வைத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்து கணக்குச் செய்திருக்கிறாள். நானோ அவளை ஊமைக் கொட்டான் என்று பகிடி பண்ணியவள். தலைமை என்றால் மற்றவர்களுக்கு முன்னால் நடப்பது என்று சேர் காலையில் பெரிய தாளில் எழுதி ஒட்டியிருந்தார். யாருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்க எனக்கு அதுவரை தோன்றியதேயில்லை.

வளவுகள் முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் பள்ளிக்கூடம். இடது பக்கம் வடலிப் பனைகளுக்குள்ளால் கடற்கரைக்குப் போகும். பள்ளிக்கூட மதிலடியில் சேர் நொண்டிக்கொண்டு நிற்பதும், பெடியள் அவரைச் சுற்றி நிற்பதும் தெரிந்தது. அவர்களும் சத்தம் போடவில்லை. நான் வலது பக்கம் திரும்பினேன். ஜெனீற்றா திரும்பவில்லை.

"தர்சனா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீ கையை விடு."

"நான் எண்டு தெரியுமாடி உனக்கு?"

"உன்ரை கை தெரியாதே? பயப்பிடாதை, நீ பள்ளிக்கூடத்துக்குப் போ. நான் அண்ணாவோடை போறன்."

அப்போதுதான் அவளுடைய மற்றப் பக்கத்தைப் பார்த்தேன். அவளுடைய வலது கை தொங்கவில்லை. தோளிலிருந்து சற்று மேலே தூக்கி நின்றது, தன்னிலும் உயரமான ஒருவரின் கையைப் பிடித்திருக்கிற மாதிரி. விரல்கள் மடிந்து எதையோ பற்றியிருந்தன. அந்தப் பக்கத்தில் ஒருவருமில்லை. வெயிலும் நாயுண்ணிப் பற்றையும்தான். ஆனால் அங்கே கிடந்த காவோலை ஒன்று நொறுங்கியது. பிறகு அதற்கு அடுத்தது, கடற்கரைப் பாதைப் பக்கமாக.

"விடு தர்சனா. அவருக்குக் காத்துக்கொண்டு நிக்க ஏலாதாம்."

"விடமாட்டன்" என்றேன். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. இரண்டு கையாலும் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் காலை மணலுக்குள் ஊன்றினேன். அந்தப் பக்கத்திலும் பிடி இறுகியிருக்க வேண்டும். அவளுடைய வலது கை மெல்ல மெல்ல நிமிர்ந்து நேராகியது, சட்டைக் கை தோளில் இழுபட்டது, தையல் விடுகிற சத்தம் கேட்டது. கண்கட்டுக்குக் கீழே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் இரண்டு பக்கமும் நீண்டு விறைத்திருக்க, கால் இரண்டும் நிலத்தில் பட்டும் படாமலும், பாதை பிரிகிற இடத்தில் நடுவே நின்றாள்.