கூரை இல்லாத கட்டடம் தேவை

ஒரு கூரை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவின் கூரை. இரண்டு தச்சு பாஸ்மார் நின்றால் ஒரு கிழமையில் முடிகிற வேலை. அதையே அரசாங்கம் செய்ய வெளிக்கிட்டால் எப்படி முடியும் என்று என்னைக் கேளுங்கள். நான் ஜெகதீஸ்வரி, தொழில்நுட்ப உத்தியோகத்தர். பிறந்தது சாவகச்சேரி. ஏழெட்டு வருடமாக மலையில் குளிரில் நடுங்குவது சம்பளத்துக்காக. இந்த ஒரு கூரைக்காக நான் எழுதிய கடிதங்களை அடுக்கிப் பரப்பியிருந்தால் பாதிக் கட்டடத்தையாவது மூடியிருக்கலாம்.

அக்கரப்பத்தனைக்கு மேலே, பஸ் போகிற றோட்டை விட்டு ஏறினால் அந்தத் தோட்டத்தின் மேல் பிரிவு, மேல்கணக்கு. போன வருட மழையோடு வந்த காற்று பிள்ளைக்காம்பராவின் கூரையை மரம் சலாகையோடு தூக்கித் தேயிலைக்குள் எறிந்துவிட்டது. அன்றிலிருந்து பிள்ளைகள் இருப்பது உர ஸ்டோரில். உள்ளே போனால் எனக்கே கண் எரியும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரேமினி கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டுக் குளிருக்கு அவர்களைப் போர்த்திக்கொண்டே இருப்பாள். தோட்ட நிர்வாகம் வேறு கெடு வைத்துவிட்டது. பெருமழைக்கு முன் கூரை ஏறாவிட்டால் மேல்கணக்குப் பிள்ளைக்காம்பராவை மூடிக் கீழ்க்கணக்கோடு சேர்த்துவிடுவார்களாம். கீழ்க்கணக்கு மலையின் அடியில். விடியற்காலையில் பேர் பதியும் பெரட்டில் நிற்க வேண்டியவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே இறங்கி, திரும்ப ஏறி, நேரத்துக்கு எப்படி வருவாள்? பிந்தினால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். இல்லாவிட்டால் பிள்ளை லயத்து வீட்டில் தனியே கிடக்கும்.

முதல் தடவை டெண்டர் கோரினோம், ஒருவரும் வரவில்லை. கடைசி வளைவில் பெரிய லொறி திரும்பாது, சாமானையெல்லாம் தோட்டத்துக் கொழுந்து லொறியில் மாற்றி ஏற்ற வேண்டும், அந்தச் செலவு எங்கள் மதிப்பீட்டில் இல்லை. இரண்டாம் தடவை அதைச் சேர்த்தோம். அப்போது பார்த்தால் நாங்கள் கேட்டிருந்த வகைத் தகரம் டொலர் தட்டுப்பாட்டோடு நாட்டுக்குள் வருவதே நின்றுபோயிருந்தது. வேறு தகரம் போடலாமா என்று மேலிடத்துக்கு எழுதினேன். ஏன் என்று கேட்டு எழுதினார்கள். கடையில் இல்லை என்று எழுதினேன். இல்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். இல்லாத தகரத்துக்கு எங்கே போய் அத்தாட்சி வாங்குவது? எரிச்சலில் அன்று மத்தியானம் சாப்பாடே இறங்கவில்லை.

மூன்றாம் தடவைதான் எல்லாம் கூடி வந்தது. ஹட்டனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பைஸர் நானா, அதே வகைத் தகரம் கையில் இருக்கிறது, தானே கொந்தராத்து எடுக்கிறேன் என்றார். நாவலப்பிட்டியில் இருந்தும் ஒருவர் கேட்டார். மிச்சமாக இருந்தது ஒரே ஒரு சடங்கு. டெண்டருக்கு விலை கொடுக்கிறவர்கள் கணக்காளரோடு வந்து இடத்தைப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் தலைவர் அழகுமுத்துவுக்குப் போன் எடுத்தேன்.

"தலைவர், புதன்கிழமை பெரியாக்கள் இடம் பார்க்க வருகினம். கொஞ்சம் துப்புரவா வைச்சிருங்கோ."

"அதெல்லாம் நீங்க சொல்லவே வேணாம் மிஸ். நாங்க பாத்துக்குறோம்," என்றார்.

பார்த்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை நாங்கள் வளைவைத் தாண்டி ஏறியபோது பாதையோரத்துக் கற்களுக்கெல்லாம் வெள்ளையடித்திருந்தது. தண்ணீர் ஓடும் கான்கள் சுத்தம். வாசலில் செவ்வந்தி மாலை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு நிமிர்ந்து பார்த்தேன். கட்டடத்துக்கு மேலே கூரை இருந்தது. கறுத்த தகரம், துருப்பிடித்த தகரம், பச்சைப் பெயின்ற் அடித்த தகரம் என்று மரக்கம்புகளுக்கு மேல் கண்டபடி வைத்து ஆணி அடித்திருந்தார்கள். காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே கல் வேறு.

"தலைவர், இது என்ன?"

"பெரியவங்க வர்றாங்கன்னீங்களே மிஸ். மொட்டக் கட்டடத்தையா காட்றது? அசிங்கமா இருக்காது? ஞாயித்துக்கெழம எல்லாருஞ் சேந்து ஏத்திட்டோம்."

தோட்டத்தில் துரை பார்க்க வருகிறார் என்றால் லயத்துக்கு வெள்ளையடிப்பார்கள், புல் வெட்டுவார்கள், உடைந்ததை மறைப்பார்கள். அப்பன் பாட்டன் காலத்தில் இருந்து அப்படித்தான். உடைந்ததைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் வாகனம் பிடித்து வரும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? நானும் சொல்லவில்லை. துப்புரவாக வைத்திருங்கோ என்று வாய் கிழியச் சொன்னேன்.

"தகரம் எங்கால?"

"அவங்கவங்க குசினித் தகரந்தான் மிஸ். வீட்டுக்கு ஒன்னு குடுத்தாங்க," என்றாள் பிரேமினி. உள்ளே குறுக்குக் கம்பில் சேலைத் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. உர நாற்றம் இல்லாத இடத்தில் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி தூங்கினார்கள்.

கணக்காளர் லக்ஸ்மன் சேர் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னிடம் வந்தார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான். கெட்டவர் இல்லை. முந்தி ஒரு பாலத்து விஷயத்தில் கணக்காய்வுக்காரர் அவரைப் பிடித்து உலுப்பியதில் இருந்து மனுசன் நிழலுக்கும் பயப்படுவார்.

"ஜெகதீஸ்வரி, இஞ்ச கூரை இருக்கு."

"தெரியுது சேர்."

"கூரை இல்லாத கட்டடத்துக்குத்தான் எங்களுக்கு அனுமதி. கூரை இருந்தா இது திருத்த வேலை. திருத்த வேலைக்கு இந்த வருசம் ஒரு சதமும் இல்லை. டெண்டரை நிப்பாட்ட வேண்டியதுதான்."

"சேர், இது கூரையே? ஒரு காத்துக்கு நிக்காது!"

"நிக்குமோ நிக்காதோ, நான் கூரையைக் கண்டிட்டு இல்லையெண்டு எழுதேலாது."

பழைய கூரையைக் கழற்றுவதையும் வேலையாகச் சேர்த்து டெண்டரைத் திருத்தலாம்தானே என்றேன். யோசித்துப் பார்த்து, செய்யலாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. உடனே அடுத்ததைச் சொன்னார்.

"ஆனா கழட்டுற சாமான் எல்லாம் அரசாங்கத்துக்கு. களஞ்சியத்தில ஒப்படைச்சு, பிறகு ஏலத்தில விடவேணும்."

"சேர், அது இந்தச் சனத்தின்ர குசினித் தகரம்!"

"கட்டடத்தில ஏறின பிறகு அது ஆரின்ர தகரம் எண்டு ஆர் அத்தாட்சி தாறது?"

திரும்பவும் அத்தாட்சி! கையில் இருந்த அளவு நாடாவைத் தேயிலைக்குள் விட்டெறிந்தேன். பைஸர் நானா போய் எடுத்துக்கொண்டு வந்து மெல்லிய குரலில் சொன்னார்.

"மிஸ், டெண்டர் நின்டா நான் தகரத்த வெச்சிக்கிட்டு இருக்க ஏலா. வேற ஆளுக்குப் போயிரும். பொறகு எப்ப வருமோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

லக்ஸ்மன் சேர் வானத்தைப் பார்த்தார். பிறகு தன் டெண்டர் பையிலைப் பார்த்தார். "நான் இன்னும் ஒண்டும் எழுதேல்லை," என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "தலைவர் வீட்டில தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். ஆறுதலா, மெல்ல மெல்லத்தான் குடிப்பன்."

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. அவரை ஏசுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. அழகுமுத்துவைக் கூப்பிட்டேன்.

"தலைவர், கூரையைக் கழட்டுங்கோ. இப்பவே."

பிரேமினி குறுக்கே வந்தாள். "கழட்டிட்டா புதுசு எப்ப மிஸ் வரும்?"

டெண்டர் பிரிக்க வேண்டும், குழு கூட வேண்டும், தெரிவானவருக்குக் கடிதம் போக வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"மழைக்கு முந்தியா, பெறகா?"

"அது சொல்லேலாது."

"அப்ப எதுக்கு மிஸ் கழட்டணும்?"

"கழட்டாட்டி வரவே வராது!" என்று கத்திவிட்டேன். தொட்டிலில் ஒரு பிள்ளை விழித்து அழத் தொடங்கியது. என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. எதிர்த்து நாலு வார்த்தை சொல்லுங்களேன், என்னைப் பிடித்து ஏசுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஒருவரும் ஏசவில்லை. அழகுமுத்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியைச் சாத்தினார்.

மலையில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு எப்படியோ தெரிந்து, கூடையோடு இறங்கி வந்தார்கள். அம்மாமார் அவரவர் பிள்ளையைத் தூக்கினார்கள். ஆம்பிளைகள் மேலே ஏறி ஆணியைப் பிடுங்கப் பிடுங்க, கீழே நின்றவர்கள் தகரத்தைப் பார்த்தவுடன் இது எங்களுடையது, அது முருகாயி வீட்டுடையது என்று வாங்கி வைத்தார்கள். ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்த கூரை, லக்ஸ்மன் சேரின் தேநீர் ஆறுவதற்குள் இறங்கிவிட்டது.

கடைசித் தகரம் இறங்கும்போதே தூறல் விழுந்தது. பைஸர் நானா தன் வேனைத் திறந்து சீற்றுகளில் துணியை விரித்து, பிள்ளைகளை ஏற்றச் சொன்னார். இடம் கிடைக்காத இரண்டு பேர் உர ஸ்டோருக்கே போனார்கள். நாவலப்பிட்டிக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு சுவரை அளந்தார். லக்ஸ்மன் சேர் வந்து உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தார். முகத்தில் மழை விழுந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கூரை இல்லை, தேவை உறுதிப்படுத்தப்பட்டது என்று எழுதினார்.

பிரேமினி நனைந்த தொட்டில் சேலைகளைச் சுருட்டி இடுப்பில் இடுக்கியபடி என்னிடம் வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. வந்தவர்களுக்கு எல்லாம் திருப்தியா என்று பார்க்கிற கவலைதான் இருந்தது.

"இப்ப நீங்க கேட்ட மாதிரி இருக்கா மிஸ்?" என்றாள்.

லக்ஸ்மன் சேர் பேனையை நீட்டினார். "இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.